தன்னையே சுற்றிய கேஷ்

ஜாவா 8 ஓடும் பழைய சர்வர். ஒரு மதியம் சிபியூ 100 சதவீதத்தில் நின்றது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினேன்.

ஒவ்வொரு த்ரெட்டும் (நிரலின் இணை ஓட்டம்) எந்த வரியில் நிற்கிறது என்று பட்டியலிடும் த்ரெட் டம்ப் காட்டிக்கொடுத்தது. எங்கள் கேஷ் (கணக்கிட்டதைச் சேமித்துவைக்கும் இடம்), பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் கீ-மதிப்பு அட்டவணையான கன்கரன்ட்ஹேஷ்மேப். கீ இல்லையென்றால் மதிப்பைக் கணக்கிட்டு வைக்கும் அதன் கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் வேலை முடியும் முன்பே, உள்ளிருந்து அதே கீயை ரிமூவ் செய்திருக்கிறோம் (எழுதியவன் நான்தான்). அந்த இடத்தில் மதிப்பு இன்னும் வரவில்லை; ஹாக்கர் சென்டர் (உணவங்காடி) மேசையில் இடம்பிடிக்க டிஷ்யூ பாக்கெட் வைப்பதுபோல வெறும் முன்பதிவுதான். ரிமூவ் அதையே சுற்றிச் சுற்றி வந்தது. ஜாவா 9 என்றால் 'ரிகர்சிவ் அப்டேட்' என்று எக்செப்ஷனாவது (பிழை அறிவிப்பு) வந்திருக்கும்.

சரி, பின்னர் வரப்போகும் மதிப்புக்கான உறையான கம்ப்ளீட்டபிள்ஃப்யூச்சரை, கீ இல்லாவிட்டால் மட்டும் வைக்கும் புட்இஃப்ஆப்சென்டால் வைத்துவிட்டு, கணக்கீட்டை மேப்புக்கு வெளியே நகர்த்தினேன். நீக்க, கீ, ஃப்யூச்சர் இரண்டையும் சரிபார்க்கும் ரிமூவ். வேறு த்ரெட் புதிதாக வைத்ததை அது தொடாது. ஃப்யூச்சர் தனக்கே காத்திருந்தால் இதுவும் தொங்கும், அதற்கு மட்டும் தனிச் சோதனை போட்டேன்.