எஃப்டிஸ்க் எச்சரித்தால் எதற்குப் பயப்பட வேண்டும்?

லினக்ஸில் ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்க உட்காரும்போது சிவப்பாக ஒரு வரி வந்தாலே பலருக்குக் கை நடுங்கிவிடுகிறது. டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் கட்டளையான எஃப்டிஸ்க்கில் (fdisk) அந்த நடுக்கம் தேவையில்லை. அதில் நீங்கள் செய்வதெல்லாம் மெமரியில்தான் நடக்கிறது, டபிள்யூ (w, எழுது) தட்டும்வரை டிஸ்க்கில் எதுவும் மாறாது, குழப்பமாக இருந்தால் க்யூ (q) தட்டி வெளியே வந்துவிடலாம். அதே வேலையைச் செய்யும் பார்ட்டட் (parted) அப்படியில்லை, என்டர் தட்டியதுமே எழுதிவிடும்.

உண்மையான ஆபத்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தப்பான டிஸ்க்கைத் திறந்துவிடுவதுதான். நேற்று எஸ்டிபி (sdb) என்ற பெயரில் வந்த யூஎஸ்பி டிஸ்க் இன்று எஸ்டிசி (sdc) என்று வரலாம். அதனால் முதலில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) ஓட்டி அளவைப் பாருங்கள். (1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று தெரிந்தால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்காதீர்கள், டிஸ்க் பெட்டியில் இருப்பது 1000 கணக்கு, இங்கே காட்டுவது 1024 கணக்கு.)

‘இதில் ஏற்கெனவே இஎக்ஸ்டி4 (ext4, லினக்ஸ் ஃபைல் சிஸ்டம்) அடையாளம் இருக்கிறது, எழுதினால் அழிந்துவிடும்’ என்று வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். புது டிஸ்க்கில் அது எப்படி வந்தது? அநேகமாக நீங்கள் வேறு டிஸ்க்கில் இருக்கிறீர்கள்.

டாஸ் டேபிள் (எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் பட்டியல்) இவ்வளவு பெரிய டிஸ்க்குக்கு ஆகாது என்ற எச்சரிக்கை 2 டிபிக்கு மேல் வரும். அந்த எம்பிஆர் முறையில், டிஸ்க்கின் சின்னத் துண்டான செக்டாரின் எண்ணுக்கு 32 பிட்தான் இடம், செக்டாருக்கு 512 பைட் என்றால் அதற்குமேல் எண்ண முடியாது. காலி டிஸ்க் என்றால் ஜி (g) தட்டி ஜிபிடி (GPT) என்ற புது முறைக்கு மாறிவிடுங்கள், டேட்டா உள்ள டிஸ்க்கில் வேண்டாம், இருக்கிற பார்ட்டிஷன் பட்டியலே போய்விடும்.

‘ஃபிசிக்கல் செக்டார் எல்லையில் தொடங்கவில்லை’ என்பது வேகப் பிரச்சினை, டேட்டா போகாது. இப்போதைய டிஸ்க்குகள் பெரும்பாலும் உள்ளே 4096 பைட் செக்டார் கொண்டவை, ஆனால் வெளியே 512 என்று சொல்லிக்கொள்ளும், அதாவது எட்டு சின்ன செக்டார் சேர்ந்து ஒரு பெரியது. பழைய வழக்கப்படி 63இல் தொடங்கினால் எட்டால் வகுபடாது, ஒரு பிளாக் எழுத இரண்டு பெரிய செக்டாரைத் தொட வேண்டியிருக்கும். இப்போதைய எஃப்டிஸ்க் தானாகக் காட்டும் 2048ஐ அப்படியே விட்டுவிட்டால் போதும்.

அப்புறம், டபிள்யூ தட்டியபின் ‘டிவைஸ் பிசி’ (device busy) என்று வந்தால் எழுதுவது முடிந்துவிட்டது, லினக்ஸின் மையமான கெர்னல்தான் இன்னும் பழைய டேபிளையே வைத்திருக்கிறது. மவுன்ட் ஆகி உபயோகத்தில் இருக்கும் பார்ட்டிஷனைக் கழற்றிவிட்டு, டேபிளை மறுபடி படிக்கச் சொல்லும் பார்ட்ப்ரோப் (partprobe) ஓட்டுங்கள், கேட்கவில்லையா, ரீபூட். அதற்கு முன்னால் அவசரப்பட்டு ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் (mkfs) ஓட்டினால் பழைய எல்லைக்குள்தான் ஃபார்மட் ஆகும்.