வீண்போன 47 மில்லிமீட்டர்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வரிசை வீட்டின் பின்பக்கத்தை நீட்டிக் கட்டினோம். கட்டடக் கழிவைக் கொட்ட வாசலில் வைத்த ரோரோ தொட்டி இரண்டு முறை நிரம்பி, மூன்றாவதும் வந்து நின்றது. வீட்டுக்கார அக்கா குத்தகையாளரைக் கடிந்துகொண்டார். நான் வாயே திறக்கவில்லை. தொட்டியின் மேலே கிடந்த டைல் துண்டுகள் எல்லாம் ஒரே அகலம். அந்த அகலத்தை வரைந்தவள் நான்தான்.

குளியலறையின் உள் அகலத்தை 1550 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தேன். தாளில் பார்க்க லட்சணமாக இருந்தது. வேறு காரணம் கிடையாது. 600க்கு 600 டைல் இரண்டு, 2 மில்லிமீட்டர் சந்து இரண்டு. மிச்சம் 346. அதற்கு ஒரு முழு டைலை வெட்டினால், வெட்டும் தகடு தின்னும் 2 போக 252 மிஞ்சும். எந்த மூலைக்கும் உதவாது. அறையை 1503 என்று வரைந்திருந்தால் கடைசித் துண்டு 299. தகடு அந்த 2 மில்லிமீட்டரைத் தின்றாலும் ஒரு டைலில் கச்சிதமாக இரண்டு துண்டு கிடைக்கும். தரையில் 4 வரிசை, பின்சுவரில் 4 வரிசை: 24 டைல் போன இடத்தில் 20 போதும்.

அதனால் இப்போது டைலைத் தேர்ந்தெடுக்காமல் குளியலறைக்குக் கோடு போடுவதில்லை. ஒரே ஒரு டைலை வாங்கி வந்து அளந்து பாருங்கள். பெட்டியில் 600 என்றிருக்கும், உள்ளே 598 இருக்கலாம். பிறகு உள்ளிருந்து வெளியே வரையுங்கள். டைல், பசை, பூச்சு எல்லாம் சேர்த்து ஒரு சுவருக்கு 35 என்றால், 1503 அறைக்கு இரு பக்கமும் 70 கூட்டி, செங்கலுக்குச் செங்கல் 1573. கொத்தனாருக்குத் தேவை இந்த எண்தான். உள் அளவை மட்டும் கொடுத்தால் கணக்கு முதல் நாளே கெட்டுவிடும். இன்னொன்று: பூவேலை, ஒருபக்கக் கோடு உள்ள டைல் வேண்டாம். திருப்பிப் பதிக்க முடியாவிட்டால் அந்த இரண்டாவது துண்டும் தொட்டிக்குத்தான்.

ஜன்னலுக்கும் இதே புத்தி. செங்கலும் சாந்தும் சேர்ந்து ஒரு வரிசை 75 என்றால் 12 வரிசை 900. ஜன்னல் அங்கே தொடங்கட்டும். 28 வரிசை 2100, அங்கே முடியட்டும். 950 என்று எழுதினால் செங்கலை உடைத்துத்தான் ஆகவேண்டும்.

உத்திரங்களை ஒரே ஆழத்தில் வைக்க முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். ஒன்று 400, ஒன்று 425 என்று போனால் கான்கிரீட் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் கான்கிரீட் வார்க்கும் அச்சுக்காக ஒன்றுக்கு அறுத்த பிளைவுட் அடுத்ததற்குச் சேராது. பிளைவுட் வருவது 1220க்கு 2440. அதை மனத்தில் வைத்து வரைந்தால் அதே பலகையைத் திரும்பத் திரும்ப அடிக்கலாம்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது பூசி முடித்த சுவரை உடைப்பது. பெரும்பாலும் ஒரு சுவிட்சுக்காக, அல்லது சலவை இயந்திரத்தின் குழாய்க்காக. கட்டிலும் அலமாரியும் எங்கே என்று வீட்டுக்காரரைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரையச் சொல்வேன். சிரிப்பார்கள். வரைந்ததும் தாங்களே இரண்டு சுவிட்சை இடம் மாற்றுவார்கள்.

பழைய வீடானால் இடிக்கும் முன் கதவு நிலைகளைத் தட்டிப் பாருங்கள். செங்கால் என்ற உறுதியான மரமாக இருந்தால் நிலையை அளந்து, புதிய சுவரின் திறப்பை அதற்கேற்ப வரையுங்கள். மரத்தை அறுக்கத் தேவையில்லை. வரைபடத்தைத் திருத்தினால் போதும்.