வார்டுல பேஷன்ட் மோசமாகுறத சீக்கிரம் கண்டுபிடிக்கிறது எப்படி

வார்டு டியூட்டிக்கு புதுசா வர்ற நர்ஸ், ஜூனியர் டாக்டர் எல்லாருக்கும் தான் இத எழுதுறேன். திடீர்னு சீரியஸ் ஆயிட்டார்னு சொல்றோமே, முக்கால்வாசி நேரம் அது திடீர்னே இல்லங்க, பல மணி நேரமா உடம்பு சொல்லிட்டு தான் இருந்திருக்கும், நாம தான் கவனிச்சிருக்க மாட்டோம்.

பெரும்பாலும் முதல்ல மாறுறது மூச்சு. ஆனா அதத்தான் யாரும் எண்றதே இல்ல, பாக்காமலே 18, 20ன்னு சார்ட்ல எழுதிட்டு போயிடுறாங்க, எனக்கு மனசு ஆறவே ஆறாத விஷயம் இது. முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. மூச்ச எண்றேன்னு பேஷன்ட் கிட்ட சொல்லிடாதீங்க, சொன்னா அவர் மூச்சு விடுறதே மாறிடும், பல்ஸ் பாக்குற மாதிரி கைய புடிச்சிட்டே நெஞ்ச பாருங்க. பெரியவங்களுக்கு 12லேர்ந்து 20 நார்மல், 25க்கு மேல போனாலோ 8க்கு கீழ இறங்கினாலோ அது ஒண்ணே போதும் டாக்டர கூப்பிட. சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 97% இருக்கேன்னு ஏமாறாதீங்க, செப்சிஸ்ல, அதாவது தொற்றால உறுப்புகளே பாதிக்கிற நிலைமைல, ரத்தத்துல ஆசிட் ஏறும்போது மூச்சு 30 ஓடும், சாச்சுரேஷன் அழகா காட்டும்.

பக்கத்துல போனதும் பேர சொல்லி கூப்பிடுங்க. பதிலே இல்ல, மூச்சும் சரியில்லன்னா உடனே கோட் ப்ளூ (ஆஸ்பத்திரி எமர்ஜென்சி டீம கூப்பிடுற அழைப்பு) சொல்லி சிபிஆர் (நெஞ்ச அழுத்தி மூச்சு குடுக்குறது) ஆரம்பிங்க. குறட்டை மாதிரி சத்தம் வந்தா தூங்குறார்னு விட்ராதீங்க, நாக்கு பின்னாடி விழுந்து அடைக்குதான்னு பாத்து தாடைய தூக்கி புடிங்க. ஆக்சிஜன் சாச்சுரேஷன் டார்கெட் 94லேர்ந்து 98%, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) பேஷன்ட்டுன்னா 88லேர்ந்து 92%.

அடுத்து விரல் நுனிய 5 செகண்ட் அழுத்தி விடுங்க, சிவப்பு திரும்ப 2 செகண்டுக்கு மேல ஆச்சுன்னா ரத்த ஓட்டம் குறையுதோன்னு சந்தேகப்படணும். சின்ன வயசுக்காரங்களுக்கு பிபி கடைசி வரைக்கும் தாக்குப்பிடிக்கும், அதனால பிபி நார்மல்னு நிம்மதியா இருந்துடாதீங்க, யூரின் பேக்க பாருங்க, 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வரணும். உளர்றாரு, குழப்பமா பேசுறாருன்னா வேற எது யோசிக்கிறதுக்கு முன்னாடியும் சுகர் செக் பண்ணுங்க.

போன்ல "பேஷன்ட் சரியில்ல சார்"னு மொட்டையா சொல்லாதீங்க. "பெட் 6, நிமோனியா, காலைல மூச்சு 20, இப்ப 32, பிபி 90, நீங்க நேர்ல வந்து பாக்கணும்"னு சொல்லுங்க. எத்தன நிமிஷத்துல வருவீங்கன்னும் கேட்டுக்கோங்க, அதுக்குள்ள வரலன்னா கூச்சப்படாம அவருக்கு மேல இருக்குறவங்கள கூப்பிடுங்க, ஆள் வர்ற வரைக்கும் பெட்ட விட்டு நகராதீங்க.