ஆன்லைன் செஸ்ஸில் நிறத்தை நாமே தேர்வு செய்யலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகம் தெரியாத ஒருவரோடு ரேட்டிங்குக்காக (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்) ஆடும்போது "எனக்கு வெள்ளைதான் வேண்டும்" என்று கேட்டு வாங்கும் வசதி இருக்கக் கூடாது. தெரிந்தவரோடு பயிற்சிக்காக ஆடும்போது அந்த வசதி கண்டிப்பாக இருக்க வேண்டும். இதுதான் என் கருத்து. சேலத்தில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பலரும் இதைத் தலைகீழாகச் செய்வதை அங்கே பார்க்கிறேன். ரேட்டிங் ஆட்டத்தில் கறுப்பு வந்தால் தப்பிக்கப் பார்க்கிறார்கள். எந்த நிறத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற பயிற்சி ஆட்டத்தில் நிறத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. இதைச் சுற்றி நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன்.

வெள்ளையின் சாதகத்தைத் தப்பாக அளப்பது

முதல் நகர்த்தல் வெள்ளையுடையது என்பதால் கொஞ்சம் சாதகம் உண்டு, அதில் சந்தேகமில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஆடிய ஆட்டங்களை மொத்தமாகத் தொகுத்துப் பார்த்தால், வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்ற கணக்கில் வெள்ளை எடுக்கும் புள்ளிகள் 54, 55 சதவீதம் வரும். ஈலோ என்ற ரேட்டிங் முறையில் சொன்னால் ஏறக்குறைய 30 முதல் 35 புள்ளி. 1500 ரேட்டிங் உள்ளவர் வெள்ளையை எடுத்தால், கறுப்பில் ஆடும் 1535காரரோடு சரிக்குச் சரி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்தின் தரம் ஏற ஏற இந்தச் சாதகம் பெரிதாகத் தெரியும். 2017இல் ஆல்ஃபாஸீரோ என்ற செஸ் ஆடும் கணினி நிரல், ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்னொரு செஸ் எஞ்சினோடு 100 ஆட்டங்கள் ஆடி 28இல் ஜெயித்தது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்த 28 வெற்றிகளில் 25 வெள்ளையில் வந்தவை. கறுப்பில் மூன்றே மூன்று. எளிதில் தவறு செய்யாத எதிராளியிடம் முதல் நகர்த்தலுக்கு அவ்வளவு மதிப்பு.

நாம் ஆடுவது அந்த மட்டத்தில் இல்லை. பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்தில் ராணியைச் சும்மா விட்டுக்கொடுப்பது, ஒரே நகர்த்தலில் வரும் செக்மேட்டைக் கவனிக்காமல் விடுவது, கடிகாரத்தில் நேரம் தீர்ந்துபோவது, இவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. "கறுப்பு வந்தாலே பையன் தோத்துடறானுங்க சார்" என்றார் அம்மாபேட்டையிலிருந்து வரும் ஒரு அப்பா. பையன் கறுப்பில் தோற்ற ஆட்டங்களைத் திறந்து பார்த்தோம். தொடக்கம் முழுக்க ஏறக்குறைய சமம். அப்புறம் எங்கேயோ ஒரு குதிரையை இனாமாகக் கொடுத்திருப்பான். வெள்ளையில் தோற்ற ஆட்டங்களிலும் அதேதான் நடந்திருந்தது. அந்தக் குதிரை போனதற்கு நிறம் எப்படிப் பொறுப்பாகும்?

உங்கள் ஆட்டங்களையும் நிறவாரியாகப் பிரித்துப் பாருங்கள். லிசெஸ், செஸ்.காம் என்ற ஆன்லைன் செஸ் தளங்கள் இரண்டிலும் இந்தக் கணக்கு கிடைக்கும். வெள்ளையில் 55 சதவீதப் புள்ளி, கறுப்பில் 45 என்ற அளவில் இருந்தால் அது இயல்பான இடைவெளி. 60க்கு 35 என்று இருந்தால் முதல் நகர்த்தல் மட்டும் அதற்குக் காரணம் இல்லை, கறுப்புக்கு நீங்கள் தயாராகவில்லை.

"நான் வெள்ளை எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நினைப்பது

இதுதான் நிறையப் பேர் சொல்லும் வாதம், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

ஈலோ முறையானாலும் சரி, ஆன்லைன் தளங்கள் பயன்படுத்தும் கிளிக்கோ முறையானாலும் சரி, அடிப்படை ரேட்டிங் கணக்குக்கு நிறம் தெரியாது. இன்ன ரேட்டிங்காரர் இன்ன ரேட்டிங்காரரை ஜெயித்தார் என்பது மட்டும்தான் தெரியும். ஒவ்வொருவருக்கும் பாதி ஆட்டம் வெள்ளை, பாதி ஆட்டம் கறுப்பு, நாளடைவில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. ஒருவர் எப்போதும் வெள்ளையே எடுத்தால் அந்த நம்பிக்கை உடைகிறது. அவருடைய ரேட்டிங் உண்மையான பலத்தைவிட முப்பது சொச்சம் புள்ளி மேலே போய் உட்காரும். அதோடும் நிற்காது. ஒரே நிறம், ஒரே தொடக்கம் என்று ஆடுகிறவர் அந்த ஒரு வகை நிலைகளை மட்டும் மனப்பாடமாக்கிக்கொள்வதால் வித்தியாசம் இன்னும் கூடும். இப்படி இரண்டு விதமாக வந்த 1600கள் ஒரே தளத்தில் இருந்தால், அந்த எண்ணைப் பார்த்து எதிராளியின் பலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

அந்தக் கூடுதல் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? எந்த நிறமானாலும் பரவாயில்லை என்று வருகிறவரின் கணக்கிலிருந்து. வெள்ளை மட்டும் கேட்பவர்கள் கூடக் கூட, கேட்காதவர்களுக்குக் கறுப்பு அதிகமாக விழும். செட்டிங்ஸில் அப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாத ஒன்பது வயதுப் பிள்ளைகளும் அதில் உண்டு. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

"கறுப்புதான் பிடிக்கும் என்பவர்களும் இருக்கிறார்களே, அவர்களோடு ஜோடி சேர்த்துவிடலாமே?" என்று கேட்பார்கள். இருக்கிறார்கள், ஆனால் வெள்ளை கேட்பவர்களுக்கு ஈடாக இருக்க மாட்டார்கள். மிச்சமுள்ளவர்கள் காத்துக்கிடக்க வேண்டும், அல்லது நிறம் கேட்காதவர்கள் தலையில் கறுப்பு விழ வேண்டும். கிரிக்கெட்டில் டாஸ் ஜெயித்தவர் தேர்வு செய்கிறாரே என்ற வாதமும் வரும். அங்கே தேர்வு செய்யும் உரிமையே காசு விழுவதைப் பொறுத்தது. ஒரே அணி எல்லா ஆட்டத்திலும் கேட்டு வாங்குவதில்லை. செஸ்ஸிலும் இரண்டு கைகளில் இரண்டு நிறச் சிப்பாய்களை மறைத்து நீட்டி, "எந்தக் கை?" என்று கேட்பதுதான் பழைய வழக்கம்.

நேரில் நடக்கும் போட்டிகளில் இந்த விஷயம் எப்போதோ தீர்ந்துவிட்டது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் சுவிஸ் முறைப்படி (ஒவ்வொரு சுற்றிலும் ஒத்த புள்ளி எடுத்தவர்களை மோதவிடும் முறை), ஒருவருக்கு ஒரு நிறம் இன்னொன்றைவிட இரண்டுக்கு மேல் அதிகமாக வரக் கூடாது, ஒரே நிறம் தொடர்ந்து மூன்று முறை வரக் கூடாது. கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு வரலாம். அணிப் போட்டியில் முதல் போர்டும் மூன்றாம் போர்டும் ஒரு நிறம், இரண்டும் நான்கும் மற்ற நிறம். 2024இல் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் மோதிய உலகச் சாம்பியன்ஷிப்பில் 14 ஆட்டங்கள், ஆளுக்கு ஏழு வெள்ளை, ஏழு கறுப்பு. அதில் வெற்றி தோல்வி கண்டவை ஐந்து: மூன்றில் வெள்ளை, இரண்டில் கறுப்பு. முதல் ஆட்டத்தில் குகேஷ் வெள்ளையில் தோற்றார். கடைசி ஆட்டத்தில் கறுப்பில் ஜெயித்து 18 வயதில் பட்டத்தை வாங்கினார்.

ஆகவே, உங்கள் தளத்தில் ரேட்டிங் ஆட்டத்துக்கு நிறம் கேட்கும் வழி ஏதாவது இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். தளம் கொடுக்கும் நிறத்தில் ஆடுங்கள்.

கறுப்பு வந்ததும் ஆட்டத்தைக் கலைப்பது

முதல் நகர்த்தலுக்கு முன்பே 'அபார்ட்' (ஆட்டத்தை ரத்து செய்வது) கொடுத்தால் ரேட்டிங் குறையாது என்று தெரிந்துவைத்துக்கொண்டு, வெள்ளை வரும்வரை கலைத்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. வெள்ளையைக் கேட்டு வாங்குவதும் இதுவும் ஒன்றுதான். எதிராளியின் நேரத்தையும் சேர்த்து வீணாக்குவதால் இதை இன்னும் மோசம் என்பேன். தளங்கள் இதைக் கவனிக்கின்றன, திரும்பத் திரும்பச் செய்தால் சிறிது நேரம் ஆடவிடாமல் தடுத்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காடு பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ரேட்டிங் ஆட்டம் தொடங்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எங்கே சிக்னல் போகும் என்று சொல்ல முடியாது. நீங்கள் ஓடிப்போனதாகத்தான் கணக்கில் ஏறும். மலை ஏறும்வரை, நெட் இல்லாமலும் ஓடும் செயலியில் கம்ப்யூட்டரோடு ஆடுங்கள், அதுவும் கறுப்பில்.

கறுப்புக்கு ஒன்றுமே படிக்காமல் இருப்பது

வெள்ளைக்கு லண்டன் சிஸ்டம் என்ற தொடக்கத்தைப் பத்து நகர்த்தல் வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம், "எதிராளி ஈ4 (ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவது) ஆடினால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பலரும் முழிப்பார்கள். வீடியோக்களும் பெரும்பாலும் "வெள்ளையில் ஆடி இப்படி மடக்குங்கள்" என்றே சொல்கின்றன. ஆன்லைனில் வெள்ளையாகத் தேடித்தேடி ஆடியதால் இந்தக் குறை வெளியே தெரியாமல் இருந்திருக்கும். சேலத்தில் ஏதாவது ஒரு பள்ளி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை ரேபிட் போட்டிக்கு வந்ததும் தெரிந்துவிடும். ஆறு சுற்று என்றால் பெரும்பாலும் மூன்று கறுப்பு. யாரோடு யார் ஆடுவது என்ற பேரிங் பட்டியல் ஒட்டியிருக்கும் பலகையில் தன் பெயருக்கு நேரே கறுப்பைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் சுருங்கினால், ஆட்டம் தொடங்கும் முன்பே பாதி போய்விட்டது.

தீர்வு பெரிய பாடம் இல்லை. ஈ4க்கு ஒரு பதில், டி4க்கு (ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவது) ஒரு பதில் போதும். ஈ4க்கு ஈ5 ஆடலாம், அல்லது காரோ-கான் என்ற தற்காப்புத் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். டி4க்கு டி5 ஆடிவிட்டு, குதிரைகளையும் பிஷப்புகளையும் வெளியே கொண்டுவந்து ராஜாவைக் கோட்டைக்குள் வைத்தால் (காஸ்லிங்) பிள்ளைகள் மட்டத்தில் எதுவும் கெட்டுப்போகாது. ஈ4க்கான இன்னொரு பதிலான சிசிலியனை ஆறு மாதம் தள்ளிப்போடலாம், அதன் கிளைகள் அதிகம்.

அதைவிட நான் முக்கியமாக நினைப்பது கண் பழக்கம். போனில் நம் நிறம் எப்போதும் கீழேதான் இருக்கும், அதனால் பலகை புரண்டிருப்பது உறைப்பதில்லை. நிஜப் பலகையில் கறுப்பு பக்கம் உட்கார்ந்தால் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும். ராணி ராஜாவுக்கு வலப்பக்கம் இருக்கும், குட்டைக் கோட்டை (ராஜா பக்கக் காஸ்லிங்) கட்டுவது இடக்கைப் பக்கம். வெள்ளையிலேயே பழகிய பிள்ளைகள் இங்கே ராஜாவையும் ராணியையும் இடம் மாற்றி அடுக்குவார்கள். ஸ்கோர் ஷீட்டில் ஈ5 ஆடிவிட்டு ஈ4 என்று எழுதுவார்கள். வீட்டில் ஒரு சாதாரண பலகையைக் கறுப்பு பக்கமிருந்து அடுக்கி, தன் பழைய ஆட்டம் ஒன்றை நகர்த்திப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். சில நாளில் பழகிவிடும்.

கறுப்பில் ஜெயிப்பதைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்ல ஓர் ஆட்டம் உண்டு. 2022 பிப்ரவரியில் ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் ஆன்லைன் ரேபிட் போட்டியில் பிரக்ஞானந்தா, அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனை 39 நகர்த்தல்களில் வென்றார். அப்போது அவருக்கு 16 வயது. வென்றது கறுப்புக் காய்களில். அந்த ஆட்டத்தைக் கறுப்பு பக்கமிருந்து பலகையில் வைத்து ஆடிக் காட்டுங்கள்.

தேர்வு செய்ய வேண்டிய இடத்தில் செய்யாமல் விடுவது

இப்போது மறுபக்கம். நண்பருக்குச் சவால் அனுப்பும்போது வெள்ளை, கறுப்பு, எதுவானாலும் என்று தளம் கேட்கும். ரேட்டிங் இல்லாத 'கேஷுவல்' ஆட்டமாக வைத்துக்கொண்டு இங்கே தாராளமாகக் கறுப்பைத் தேர்வு செய்யுங்கள். ஒரு புது பதிலைப் படிக்கிறீர்கள் என்றால், அந்த வாரம் முழுக்க அந்த நிறத்தில் மட்டும் ஆடினால்தான் கையில் நிற்கும். தளம் தரும் நிறத்துக்குக் காத்திருந்தால், படித்தது வருவதற்குள் மறந்துபோகும். எதிராளிக்கும் விஷயம் தெரியும், யாருடைய ரேட்டிங்கும் இதில் கெடாது.

இருவரும் ஒரே பலம் என்றால் ஜோடி ஆட்டமாக ஆடுங்கள்: ஒரே தொடக்கம், முதலில் நீங்கள் வெள்ளை, அடுத்தது அவர் வெள்ளை. கம்ப்யூட்டர்களுக்கான செஸ் சாம்பியன்ஷிப்பில் இப்படித்தான் ஒரே தொடக்க நிலையை இரண்டு எஞ்சின்களும் இரண்டு பக்கமும் ஆடும். தொடக்கம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் கணக்கு நேராகிவிடும். காரோ-கானை வெள்ளை பக்கமிருந்து ஒருமுறை தாக்கிப் பார்த்தவருக்கு, கறுப்பில் எங்கே வலிக்கும் என்பது நன்றாகத் தெரியும்.

சின்னவர்களுக்கு எப்போதும் வெள்ளையைக் கொடுப்பது

வீட்டில் தின்ன தட்டுவடை செட்டை நடுவில் வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஆடும்போது, "சின்னவன்தானே, வெள்ளையை அவனுக்குக் கொடு" என்று பாட்டி சொல்வார். அன்பால் சொல்வதுதான். ஆனால் அந்தச் சின்னவன் கறுப்பு என்றால் பாதகம் என்று அப்போதே மனதில் எழுதிக்கொள்கிறான். பலவீனமானவருக்கு உதவ வேண்டுமென்றால் நேரத்தில் உதவுங்கள். அண்ணனுக்கு 5 நிமிடம், தம்பிக்கு 10 நிமிடம், நிறம் மாறி மாறி.

இன்றைக்கு வெள்ளைதான் வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தால் அதற்கும் செஸ்ஸில் ஒரு வழி இருக்கிறது. நார்வே செஸ் போட்டியில் ஆட்டம் டிராவானால் ஆர்மகெடான் என்று ஒன்று ஆடுவார்கள். அதில் வெள்ளைக்கு 10 நிமிடம், கறுப்புக்கு 7. நேரம் குறைந்ததற்கு ஈடாக, டிரா ஆனால் கறுப்பு ஜெயித்ததாகக் கணக்கு. வெள்ளையை எடுப்பவர் ஜெயித்தே ஆக வேண்டும். இந்த விதியைச் சொல்லிவிட்டு எந்த நிறம் வேண்டும் என்று தம்பியிடமே கேளுங்கள்.