அயோவா நாட்டுப்புறத்தில் தனி வீடு எடுப்பவர்களுக்கு

அமெரிக்காவில் அயோவா, நெப்ராஸ்கா பக்கம் சின்ன ஊரில் வேலை கிடைத்து, ஊருக்கு வெளியே வீடு பார்க்கிறீர்களா? வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, ஹீட்டர் எதில் எரிகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் கிணறு, செப்டிக் டேங்க், புரொப்பேன் (டேங்கில் நிரப்பி எரிக்கும் கேஸ்) என்றுதான் பதில் வரும்.

வீட்டுக்கு வெளியே நீளவாக்கில் படுத்திருக்கும் புரொப்பேன் டேங்க் 500 காலன் என்றால் 400 காலன்தான் நிரப்புவார்கள். வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். மேல்மூடியைத் தூக்கினால் மீட்டர் இருக்கும். முள் 30 சதவீதத்துக்கு இறங்கியதுமே கேஸ் கம்பெனிக்குப் போன் செய்துவிடுங்கள். பனிப்புயலில் லாரி வராது. சுத்தமாகத் தீர்ந்துவிட்டால், நிரப்பிய பிறகும் கசிவு இருக்கிறதா என்று சோதித்துத்தான் மறுபடி பற்றவைப்பார்கள். அதற்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். டேங்க் வாடகையுடையதா, சொந்தமா என்பதும் முக்கியம்: வாடகை டேங்கில் அதைக் கொடுத்த கம்பெனிதான் நிரப்பும், விலை குறைவென்று வேறு ஆளைக் கூப்பிட முடியாது.

நம் சமையலுக்கும் செப்டிக் டேங்குக்கும் ஒத்தே வராது. வடை சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றினால் டேங்கின் மேலே ஆடையாகக் கட்டும். அது கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடம் வரை போனால் மண்ணே அடைத்துக்கொள்ளும். அந்த இடத்தைப் புதிதாகத் தோண்டுவதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். ஆறிய எண்ணெயை டப்பாவில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். குழம்புச் சட்டியைப் பேப்பரால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். தேங்காய்ச் சக்கை, மிஞ்சிய சோறு எதுவும் சிங்க்குக்குள் போகக்கூடாது. 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்ய வேண்டும். கடைசியாக எப்போது செய்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

கிணற்றுத் தண்ணீரை வருடம் ஒருமுறை பாக்டீரியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் சோதிக்க வேண்டும். சுற்றிலும் மக்காச்சோளக்காடு, உரம் மண்ணுக்குள் இறங்குகிறது. நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்க அந்தத் தண்ணீர் ஆகாது. கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது நம் வீட்டுப் பழக்கம். இங்கே அது எடுபடாது. தண்ணீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் கூடும். மின்சாரம் போனால் பம்பும் நிற்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் குளியல்தொட்டியை நிரப்பிவையுங்கள், கழிப்பறைக்காவது ஆகும்.

அக்டோபர், நவம்பரில் அந்திநேரம் சாலையில் மான் குறுக்கே பாயும். பிரேக்கை அழுத்துங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். கார் கவிழ்வது அப்படித்தான். ஒன்று தாண்டினால் பின்னாலேயே இன்னொன்று வரும்.

பனியில் கார் சிக்கினால் இறங்கி நடக்காதீர்கள். புகைபோக்கி வாயை மூடியிருக்கும் பனியை முதலில் வழித்தெடுங்கள், இல்லையென்றால் விஷவாயு உள்ளே வரும். பிறகு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிடுங்கள். அப்போது ஒரு ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். கம்பளி, மண்வாரி, டார்ச் மூன்றும் நவம்பரிலிருந்தே காரில் கிடக்க வேண்டும்.