ஐபிஎம் 082-ல் ஒரு அட்டைக்கட்டை வரிசைப்படுத்துவது எப்படி?

கணினி வருவதற்கு முன் அமெரிக்க அலுவலகங்களில் பில், சம்பளம், சரக்குக் கணக்கு எல்லாம் துளை அட்டையில்தான் ஓடின. அந்த அறையில் அதிக நேரம் உழைத்தது சார்ட்டர், அதாவது அட்டைகளைத் துளைகளின்படி பிரிக்கும் இயந்திரம். 1949 வாக்கில் வந்த ஐபிஎம் 082, நிமிடத்துக்கு 650 அட்டைகளைப் பிரிக்கும். அதை இயக்கக் கற்றுக்கொள்வது கஷ்டமில்லை, ஆனால் வரிசை தவறினால் எல்லாம் பாழ்.

முதலில் அட்டையைப் பாருங்கள். 80 நெடுவரிசைகள், ஒவ்வொன்றிலும் 12 துளையிடங்கள்: மேலே 12, 11, அப்புறம் 0 முதல் 9 வரை. எண் 7 என்றால் அந்த நெடுவரிசையில் 7-ல் ஒரே ஒரு துளை, அவ்வளவுதான்.

1. அட்டைக்கட்டை விசிறி போல விரித்து, ஒட்டிக்கொண்ட அட்டைகளைப் பிரித்துவிடுங்கள். பிறகு நான்கு பக்கமும் மேசையில் தட்டி, விளிம்புகள் ஒன்றாகும்வரை சீராக்குங்கள். இதில் சோம்பல் வேண்டாம், ஈரத்தில் உப்பிய அட்டையோ முனை மடங்கிய அட்டையோ இடையில் சிக்கினால் கிழிந்துதான் வெளியே வரும்.

2. அச்சிட்ட முகம் கீழே, 9 இருக்கும் விளிம்பு முன்னே இருக்கும்படி வையுங்கள். இயந்திரம் அடியிலிருந்துதான் ஒவ்வொன்றாக இழுக்கும்.

3. கைப்பிடியைச் சுழற்றி, பிரஷை வேண்டிய நெடுவரிசைக்குக் கொண்டுவாருங்கள். அட்டை ஓடும்போது துளை வழியே பிரஷ் உலோக உருளையைத் தொட்டு மின்சாரம் பாயும். எந்த நொடியில் பாய்ந்ததோ, அதைப் பொறுத்து அட்டை தன் அறைக்குப் போகும். மொத்தம் 13 அறைகள். கடைசி அறை, அந்த நெடுவரிசையில் துளையே இல்லாத அட்டைகளுக்கு.

4. வாடிக்கையாளர் எண் மூன்று இலக்கம் என்றால் ஒன்றாம் இலக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நூறாம் இலக்கத்தில் தொடங்கத்தான் யாருக்கும் கை போகும், ஆனால் அப்படிச் செய்தால் ஒவ்வொரு குவியலையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும். நான்கு அட்டைகளை வைத்துப் பார்ப்போம்: 352, 127, 315, 142.

ஒன்றாம் இலக்கம்: 352, 142, 315, 127.
பத்தாம் இலக்கம்: 315, 127, 142, 352.
நூறாம் இலக்கம்: 127, 142, 315, 352.

மூன்றே ஓட்டம், கட்டு சரியாகிவிட்டது! ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் வரிசையைக் கலைக்காமல் காப்பதுதான் இதன் உயிர்நாடி.

5. அந்த வரிசையைக் காப்பது உங்கள் கைதான். ஓட்டம் முடிந்ததும் 0 அறைக் கட்டை அடியில் வைத்து, அதன் மேல் 1, அதன் மேல் 2 என்று 9 வரை அடுக்குங்கள், முகம் கீழேயே இருக்கட்டும். காகிதத் துண்டுகளில் எழுதி நான் முதன்முதலில் இதைச் செய்தபோது 9-ஐ அடியில் வைத்துவிட்டேன், மூன்றாவது ஓட்டம் முடிந்தும் எதுவும் சேரவில்லை. நீங்களும் முதலில் காகிதத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

6. எடுத்த கட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். 7-ம் அறைக் கட்டில் எல்லாத் துளையும் ஒரே நேரில் இருப்பதால் வெளிச்சம் தெரியும். தெரியவில்லை என்றால் வேறு அட்டை ஒன்று நடுவில் புகுந்திருக்கிறது. நீண்ட ஊசியைத் துளைக்குள் விட்டும் பார்ப்பார்கள்.

எழுத்துகளுக்கு ஒரு நெடுவரிசைக்கு இரண்டு ஓட்டம் தேவை, ஏனென்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு துளைகள். ஏ என்றால் 12-லும் 1-லும். முதலில் எண் துளைக்கு, அப்புறம் மேல் துளைக்கு.

ஆயிரம் அட்டை, ஆறு இலக்கம் என்றால் இயந்திரம் ஓடும் நேரம் மட்டும் 9 நிமிடத்துக்கு மேல்.

சரி, இந்தக் கட்டு அடுத்துப் போவது டேபுலேட்டருக்கு, அதாவது அட்டைகளைப் படித்துக் கூட்டி அச்சிடும் இயந்திரத்துக்கு, ஐபிஎம் 407 போல ஒன்றுக்கு. அது அடுத்தடுத்த இரண்டு அட்டைகளின் வாடிக்கையாளர் எண்ணை ஒப்பிடும். எண் மாறியதும் அதுவரை கூட்டியதை அச்சிட்டு, அடுத்தவருக்குப் புதிதாகக் கூட்டத் தொடங்கும். 127-ன் அட்டை ஒன்று தவறி 315-களுக்கு நடுவே கிடந்தால், 315-க்கு இரண்டு மொத்தம் அச்சாகும், இரண்டுமே தப்பு.