டிரஸ்ட் கணக்கில் வந்து போகும் பணம்: ஜூனியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 பிப்ரவரியில், பணச் சலவைத் தடுப்பைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப். தென்னாப்பிரிக்காவைக் கூடுதல் கண்காணிப்புக்கான சாம்பல் பட்டியலில் சேர்த்தபோது டர்பனில் எந்த வக்கீல் அலுவலகத்துக்குப் போனாலும் ஃபிக்கா, ஃபிக்கா என்ற பேச்சுதான். பணச் சலவையைத் தடுக்கும் நிதிப் புலனாய்வு மையச் சட்டத்தின் சுருக்கப் பெயர் அது. 2025 அக்டோபரில் பட்டியலிலிருந்து வெளியே வந்தோம், பேச்சும் அடங்கிவிட்டது. இப்போது ஆர்ட்டிகிள்ஸுக்கு, அதாவது வக்கீல் தொழில் பயிற்சிக்கு, வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். எங்கள் தலைமுறை தட்டுத் தடுமாறிச் செய்த அதே தவறுகளை, அதே வரிசையில் செய்கிறார்கள். காலாவதியான பாஸ்போர்ட் நகல், மூன்று மாதத்துக்கு முந்தைய கரண்ட் பில் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை எந்த ஒருநாள் பயிற்சியிலும் சொல்லித் தருவார்கள். கையைச் சுடும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

"ஃபிக்கா முடிந்தது" என்று ஃபைலில் எழுதுவது

அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் வாங்கிவிட்டால் வந்தவர் யார் என்று தெரியும், அவ்வளவுதான். பணம் எங்கிருந்து வந்தது என்பது அதில் இல்லை. சாட்ஸ்வொர்த்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருப்பவர் உம்ஹ்லாங்காவில் கடனே இல்லாமல் 60 லட்சம் ராண்டுக்கு வீடு வாங்க வந்தால், வாங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கேளுங்கள். அப்பா விட்டுப்போன நிலத்தை விற்றிருப்பார், அல்லது முப்பது வருடம் சேமித்திருப்பார். கேட்டால் பெரும்பாலும் நேர்மையான பதில் வரும், அதற்கு ஒரு காகிதமும் வரும். 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டமே அபாயத்தை அளந்து பார் என்றுதான் சொல்கிறது. ஒவ்வொரு அலுவலகமும் தனக்கென்று ஒரு அபாய மேலாண்மைத் திட்டத்தை எழுதி வைத்திருக்க வேண்டும். இன்னொரு அலுவலகத்தின் திட்டத்தை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ரத்தான வியாபாரம், திரும்பிப் போகும் பணம்

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இந்தத் தவறைப் பார்க்கும்போதுதான். அடையாளங்களை மாற்றி ஒரு ஃபைலைச் சொல்கிறேன்.

வடக்குக் கரையில் ஒரு வீடு. வாங்க வந்தவர் மரியாதையானவர், ஜூனியரைத் தம்பி என்று கூப்பிட்டு, வீட்டில் எல்லாரும் சுகமா என்று விசாரித்துப் பேசுகிறவர். முன்பணமாக 18 லட்சம் ராண்ட், கட்சிக்காரர்களின் பணத்தைத் தனியாக வைக்கும் அலுவலகத்தின் டிரஸ்ட் கணக்குக்கு வந்தது. அனுப்பியது அவர் பெயரிலிருந்த கணக்கு அல்ல, ஒரு கம்பெனிக் கணக்கு. யாரும் கேட்கவில்லை. சில வாரம் கழித்து, மனைவிக்கு வீடு பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். விற்பவருக்கு ரத்துக்கான தொகையைச் சச்சரவில்லாமல் கொடுத்தார். மீதிப் பணத்தை மட்டும் இப்படிப் பிரித்து அனுப்பச் சொன்னார்: பாதி ஜோகன்னஸ்பர்கில் மைத்துனர் கணக்குக்கு, மற்ற பாதி ஒரு கார் வியாபாரிக்கு. "தம்பி, பணம் என்னுடையதுதானே." அன்று மத்தியானமே போய்விட்டது.

இப்போது மைத்துனருடைய வங்கி, இந்தப் பணம் ஏது என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? வக்கீலின் டிரஸ்ட் கணக்கிலிருந்து வந்தது என்பார். எந்த வங்கி ஊழியருக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றாது. அந்த மனிதர் எங்கள் தொழிலிடம் வாங்க வந்தது அந்த ஒரு வரியைத்தான். வீடு வாங்கும் எண்ணம் அவருக்கு முதலிலிருந்தே இல்லை. ரத்துக்கான தொகையை முகம் சுளிக்காமல் கட்டியபோதே இது தெரிந்திருக்க வேண்டும். சொந்தக் காசைப் போட்டவர் ஒரு ராண்டுக்கும் வாதாடுவார்.

பின்னால் அந்தக் கம்பெனியை விசாரித்தார்கள். அலுவலகத்தின் லெட்ஜரும் மின்னஞ்சல்களும் வெளியே போயின. குற்றச்சாட்டு வரவில்லை. ஆனால் வங்கி அந்த அலுவலகத்தின் டிரஸ்ட் கணக்கையே மூடத் தீர்மானித்தது. டிரஸ்ட் கணக்கு இல்லாமல் பத்திரப் பதிவு வேலை பார்க்க முடியாது. இந்த விவகாரத்தில் சம்பந்தமே இல்லாத குடும்பங்கள், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் புது வீட்டுச் சாவிக்குக் காத்திருந்தவர்கள், மாதக்கணக்கில் தவித்தார்கள். எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று ஜூனியர்கள் நினைக்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த குற்றத் தடுப்புச் சட்டத்தின் 4, 5, 6ஆம் பிரிவுகளில் தெரிந்து செய்தவரோடு, நியாயமாகத் தெரிந்திருக்க வேண்டியவரும் மாட்டுவார். அந்த அளவுகோல் தெருவில் போகும் சாதாரண மனிதருக்கானது அல்ல. உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கும், உங்கள் படிப்பும் அனுபவமும் உள்ள ஒருவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். அதிகபட்சத் தண்டனை 10 கோடி ராண்ட் அபராதம் அல்லது 30 ஆண்டு சிறை.

இன்னொன்று. வியாபாரம்தான் நடக்கவில்லையே, எதைப் பற்றி அறிக்கை கொடுப்பது என்று கேட்பார்கள். ஃபிக்காவின் 29ஆம் பிரிவு நடந்து முடிந்த பரிவர்த்தனையோடு நிற்கவில்லை. விசாரித்துவிட்டு நடக்காமல் போனதும் அதற்குள் வரும். சந்தேகம் வந்த நாளிலிருந்து 15 வேலை நாளுக்குள் நிதிப் புலனாய்வு மையத்துக்கு அறிக்கை போக வேண்டும். அது கடைசி எல்லை, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் என்பதுதான் விதி. ஆதாரம் தேடிக்கொண்டு உட்காராதீர்கள், ஆதாரம் தேடுவது அவர்கள் வேலை. இந்தக் கடமை அலுவலகத்தின் தலைவருக்கு மட்டுமல்ல, அங்கே வேலை பார்க்கும் உங்களுக்கும் உண்டு.

அறிக்கை கொடுத்தால் ஃபைல் நின்றுவிடும் என்ற பயமும் வேண்டாம். மையம் 34ஆம் பிரிவின்கீழ் நிறுத்தச் சொல்லாதவரை வேலையைத் தொடர 33ஆம் பிரிவு அனுமதிக்கிறது. நிறுத்தச் சொன்னாலும் அதிகபட்சம் 10 வேலை நாள். பின்னால் பணச் சலவை என்று உங்கள் மேலேயே வழக்கு வந்தால், முறையாக அறிக்கை கொடுத்திருந்தேன் என்பதை எதிர்வாதமாக வைக்கலாம். குற்றத் தடுப்புச் சட்டத்தின் 7ஏ பிரிவு அதற்காகவே இருக்கிறது.

ஆரம்பத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கட்சிக்காரர் கையெழுத்துப் போடும் முதல் கடிதத்திலேயே, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கு மட்டும்தான் திரும்பும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறகு யார் தம்பி என்று கூப்பிட்டாலும், அண்ணா, இது அலுவலக விதி என்று மரியாதையோடு சொல்லிவிடலாம். அதற்குப் பிறகும் வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லி நெருக்கினால், அந்த நெருக்குதலையே ஃபைலில் எழுதிவைத்து சீனியரிடம் கொண்டு போங்கள்.

அறிக்கை கொடுத்ததைக் கட்சிக்காரரிடம் சொல்வது

சொல்லக் கூடாது. ஜாடையாகக்கூட. 15 ஆண்டு வரை சிறை, அல்லது 10 கோடி ராண்ட் வரை அபராதம். கல்யாண வீட்டில், கோயில் கமிட்டியில் தினமும் முகம் பார்த்துக்கொள்ளும் நம் ஊரில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அதனால்தான் அறிக்கையின் நகலைக் கட்சிக்காரரின் ஃபைலில் வைக்கவே கூடாது. தனியாகப் பூட்டி வையுங்கள்.

தொழில் ரகசியம் எல்லாவற்றையும் மூடும் என்று நம்புவது

ஃபிக்காவின் 37ஆம் பிரிவு காப்பாற்றுவது சட்ட ஆலோசனைக்காகவோ வழக்குக்காகவோ வக்கீலும் கட்சிக்காரரும் ரகசியமாகப் பேசிக்கொண்டதை. டிரஸ்ட் கணக்கில் எவ்வளவு விழுந்தது, யார் போட்டார்கள் என்பது பேச்சு அல்ல. குற்றம் செய்வதற்கே ஆலோசனை கேட்டிருந்தால் அந்தப் பேச்சுக்கும் பாதுகாப்புக் கிடையாது. எது மூடும், எது மூடாது என்று சந்தேகம் இருந்தால் நீங்களே முடிவெடுக்காமல் அன்றைக்கே சீனியரைக் கேளுங்கள். 15 நாள் ஓடிவிடும்.

ரொக்கம்

49,999.99 ராண்டுக்கு மேல் என்றால் 3 வேலை நாளில் அறிக்கை. கட்சிக்காரர் நேராக வங்கிக் கிளையில் உங்கள் கணக்கில் ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் உங்கள் கடமை போகாது. இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள் என்று மட்டும் யாருக்கும் யோசனை சொல்லிவிடாதீர்கள், 64ஆம் பிரிவில் அதுவே குற்றம்.

பெயர்ப் பொருத்தத்தைப் பார்க்காமல் தள்ளுவது

டர்பனில் இது தனித் தலைவலி. நாயுடு, கோவெண்டர், பிள்ளை, மூட்லி என்று நாலைந்து குடும்பப் பெயர்களே ஊர் முழுக்க இருப்பதால், அரசியல் பதவியில் இருப்பவர்களைத் தேடும் மென்பொருள் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் ஒரு நீளப் பட்டியலைக் கொடுக்கும். தினமும் இதையே பார்க்கிற குமாஸ்தா, "இவர் அவர் இல்லை" என்று பட்டனை அழுத்தப் பழகிவிடுவார். அப்புறம் ஒருநாள் தடைப்பட்டியலில் உள்ள பெயர் வந்தாலும் கை அதே பட்டனுக்குத்தான் போகும்.

ஐ.நா. தடைப்பட்டியலையும் அமெரிக்கத் தடைப்பட்டியலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானங்களின்படி நிதிப் புலனாய்வு மையம் வெளியிடும் தடைப்பட்டியலில் ஒருவர் இருந்தால் அவருடைய சொத்தைத் தொடவே கூடாது, 28ஏ பிரிவில் 5 நாளில் அறிக்கை கொடுக்க வேண்டும். அமெரிக்கக் கருவூலத்தின் பட்டியல் இங்கே சட்டம் அல்ல. ஆனால் ஊழல் குற்றச்சாட்டில் சிக்கிய தொழிலதிபர்களான குப்தா சகோதரர்களை 2019 அக்டோபரில் அமெரிக்கா அதில் சேர்த்ததை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒருவருக்காக டாலர் அனுப்பினால் அது நியூயார்க்கில் ஏதாவது ஒரு வங்கி வழியாகத்தான் போகும், அங்கே நின்றுவிடும். உங்கள் வங்கிக்கும் உங்களைப் பிடிக்காமல் போகும்.

பொருத்தம் வந்தால் பிறந்த தேதி, அடையாள எண், தந்தை பெயர் மூன்றையும் ஒப்பிடுங்கள். அரபுப் பெயர்களானால் ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதித் தேடுங்கள். இவர் அவர் இல்லை என்று முடிவு செய்தால் ஏன் இல்லை என்பதை ஒரு வரியில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். பட்டியல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பழைய கட்சிக்காரர்களையும் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

பதிவேடு

ஐந்து ஆண்டு. கட்சிக்காரருடனான தொழில் உறவு முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும், ஃபைல் திறந்த நாளிலிருந்து அல்ல.